எச்சரிக்கையும் ஆயத்தமும்: வங்காள விரிகுடாக் கரைகளின் சூறாவளி வரலாறு

முன்னுரை

1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23ஆம் நாள் மாலையிலும் அதனைத் தொடர்ந்த இரவிலும் மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளி, இலங்கையின் கிழக்குப் பிரதேச மக்களின் வாழ்விலே பேரிழப்பொன்றை ஏற்படுத்திச் சென்றது. அதில் 915 பேர் உயிரிழந்தனர். ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் ஏதோ ஒரு வகையிற் பாதிக்கப்பட்டனர். இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள் சேதமுற்றன. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஏறத்தாழ 28,000 ஏக்கர் பரப்பில் நின்ற தென்னைகளில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. நெற்களஞ்சியங்கள் பதினொன்றில் ஒன்பதும், மீன்பிடிக் கலங்களில் ஐந்தில் ஒரு பங்கும் அழிவுற்றன. வட இந்து சமுத்திரச் சூறாவளிகளுக்குப் பெயரிடும் வழக்கம் 2004ஆம் ஆண்டிலேயே தொடங்கியமையால் அச்சூறாவளிக்குப் பெயரெதுவும் இல்லை. 'எழுபத்தெட்டுச் சூறாவளி' என்று ஆண்டின் பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகின்றது.

இவ்வழிவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் காற்றின் வேகத்தையும் இழப்பின் கணக்கையுமே பேசுவர். இக்கட்டுரை வேறொரு வினாவை முன்வைக்கின்றது. பெருஞ்சூறாவளி ஒன்று நெருங்கி வரும்போது, அது வந்து சேருமுன் கிடைக்கும் ஓரிரு நாள்களில் கரையோர மக்கள் செய்யத்தக்கது யாது? வரலாற்றில் அவர்கள் செய்தது யாது? செய்ய முடியாது போனமைக்குக் காரணங்கள் யாவை? இவ்வினாக்களுக்கு மட்டக்களப்பின் அனுபவத்தை மட்டும் கொண்டு விடை காண இயலாது. ஒரே கடலின் கரைகளான வங்காளம், ஒரிசா, பாம்பன் ஆகியவற்றின் வரலாற்றோடு அதனை இணைத்து நோக்குதல் அவசியமாகும்.

கடலின் இயல்பும் கரையின் அமைப்பும்

உலகின் வெப்பவலயச் சூறாவளிகளுள் மிகச் சிறு பங்கே வங்காள விரிகுடாவில் உருவாகின்றது. எனினும், வரலாற்றில் அதிக உயிர்களைப் பலிகொண்ட சூறாவளிகளுட் பெரும்பாலானவை இவ்விரிகுடாவுக்கே உரியவை. இம்முரண்பாட்டுக்குரிய காரணத்தைக் காற்றிலன்றிக் கரையின் அமைப்பிலேயே தேடவேண்டும். விரிகுடாவின் வடதலை புனல்போலக் குறுகிச் செல்வது. அங்கு கடலடி ஆழமற்றுப் பரந்து கிடக்கின்றது. கங்கையும் பிரமபுத்திராவும் கொணர்ந்த வண்டல் தீவுகள் கடல் மட்டத்தினின்றும் சிறிதளவே உயர்ந்தவை. அமுக்கம் குறைந்த மையத்தைச் சுற்றி வீசும் பெருங்காற்று கடல்நீரைக் கரைநோக்கித் தள்ளும்போது, அந்நீர் ஆழமற்ற கடலடியில் தேங்கி மேலெழுந்து நிலத்தின்மீது பாய்கின்றது. இதனையே கடற்பெருக்கு என்கிறோம். சூறாவளியிற் பெருந்தொகையாக மக்கள் மாள்வது காற்றினாலன்று, இக்கடற்பெருக்கினாலேயே ஆகும்.

இலங்கையின் கிழக்குக் கரையை அடுத்துள்ள கடல் விரைவில் ஆழமாகிவிடுவதால், வங்காளத்தைப் போன்ற உயரத்துக்கு இங்கே கடல் எழுவதில்லை. ஆயினும் மட்டக்களப்புக்கு வேறொரு இடர் உண்டு. வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணற்பட்டியாக எழுவான்கரை அமைந்துள்ளது. ஊர்கள் பலவும் நெருக்கமாக அமைந்திருப்பது இப்பட்டியிலேயாகும். கிழக்கே கடல் எழ, மேற்கே பெருமழையால் வாவி பெருக, இடைப்பட்ட மக்கள் செல்வதற்குச் சில பாலங்களும் தெருக்களுமே உள. 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலம் அவற்றுள் ஒன்று. மரங்கள் முறிந்து தெருவை மறித்தபின் அவ்வழிகளும் பயன்படா. எனவே இப்பகுதியில் இடம்பெயர்தல் என்பது காற்று வலுக்குமுன் முடிந்திருக்க வேண்டியதொரு காரியமாகும்.

இன்னுமொன்றை மனங்கொள்ளல் வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு மிக அண்மையில் சூறாவளிகள் உருவாவது அரிது. இலங்கை ஆறு பாகைக்கும் பத்துப் பாகைக்கும் இடைப்பட்ட வட அகலக்கோடுகளில் இருப்பதால், பெருஞ்சூறாவளிகள் இங்கு ஒரு தலைமுறைக்கு ஒருமுறை என்னும் அளவிலேயே வருகின்றன. 1907, 1964, 1978 எனக் கடந்த நூற்றாண்டின் பேரழிவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இவ்வருமை ஒரு வகையிற் பேறு. மற்றொரு வகையிற் கேடு. தந்தை கண்டதை மகன் காணாது வளர்கின்றான். ஆயத்தம் செய்யும் பழக்கம் வேரூன்றுமுன் நினைவு மங்கிவிடுகின்றது.

மரபறிவும் அதன் எல்லையும்

காற்றைத் திசையறிந்து பெயரிட்டழைக்கும் மரபு தமிழருக்குத் தொன்மையானது. வாடை, கொண்டல், தென்றல், கோடை எனப் பண்டை இலக்கியங்கள் வகுத்த காற்றுகளோடு சோழகம், கச்சான் முதலிய பெயர்களும் நம் கரையோர மக்களின் பேச்சில் வழங்கி வருகின்றன. எக்காற்றுக்கு எம்மீன் படும், எக்காற்றில் வலை வளைக்கலாம், எதற்குக் கரை திரும்பவேண்டும் என்பன கடற்றொழிலாளரின் அன்றாட அறிவு. கடலின் நிறமாற்றம், காற்றில்லாத வேளையிலும் கரையை மோதும் நெடிய அலை, பறவைகள் உள்நிலம் நோக்கிச் செல்லுதல், அந்தி வானின் செம்மை ஆகியவற்றைக் கொண்டு தூரத்துப் புயலை உய்த்துணரும் வழக்கமும் இருந்து வந்துள்ளது. இவற்றுள் நெடிய அலை பற்றிய குறிப்பு அறிவியலுக்கும் உடன்பாடானது. சூறாவளி எழுப்பும் பேரலைகள் அச்சூறாவளியினும் விரைந்து சென்று, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள கரையை முன்னதாகவே அடைவதுண்டு.

ஆயத்தங்களும் இவ்வறிவுக்கு இயைந்தனவாகவே அமைந்தன. வள்ளங்களையும் தோணிகளையும் அலை எட்டாத மேட்டுக்கு இழுத்துக் கவிழ்த்தல், வலைகளை வாடியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு செல்லல், கிடுகுக் கூரையின்மேல் குறுக்காகக் கயிறிட்டு மரத்தோடு பிணைத்தல், மாடுகளைக் கட்டவிழ்த்து விடுதல், அரிசியும் தீப்பெட்டியும் நனையாது காத்தல், வயோதிபரையும் குழந்தைகளையும் கல்வீட்டுக்கோ கோயிலுக்கோ பாடசாலைக்கோ அனுப்புதல் என்பன அவை. ஆண்டுதோறும் வரும் வாடைக்காலப் புயல்மழைக்கு இவை போதுமானவை. தலைமுறைக்கொருமுறை வரும் பெருஞ்சூறாவளிக்கு இவை போதா.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் சூறாவளியின் மையம் ஓரூரைக் கடக்குமாயின், முதலில் வடதிசைக் காற்றுக் கடுமையாக வீசும். மையம் வந்ததும் காற்றடங்கும். சில வேளைகளில் வானமும் தெளியும். 'புயல் ஓய்ந்தது' என்றெண்ணி மக்கள் வெளியே வந்து, கூரையைப் பார்க்கவும் கால்நடைகளைத் தேடவும் முற்படுவர். அதன்பின் தெற்கிலிருந்து எதிர்க்காற்று முன்னையதற்குக் குறையாத வலிமையோடு வந்து மோதும். முதற்காற்றிற் சாய்ந்து நின்ற சுவரும் மரமும் அப்போதே விழும். மையத்தின் அமைதி ஆபத்தின் நடுப்பகுதியே என்பதைப் பருவமழையின் அனுபவம் கற்பிப்பதில்லை. வாழ்நாளில் ஒருமுறையேனும் அதனுள் அகப்பட்டவரோ, அவரிடம் கேட்டறிந்தவரோதான் அதனை அறிவர்.

துறைமுகத்துக்காகப் பிறந்த எச்சரிக்கை

சூறாவளியைக் குறிக்கும் 'சைக்ளோன்' என்னும் சொல் வங்காள விரிகுடாவின் கரையிலேயே பிறந்தது. கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பார், 1848இல் மாலுமிகளுக்கென வெளியிட்ட நூலில் இச்சொல்லை ஆக்கி வழங்கினார். மாட்லா ஆற்றங்கரையிற் புதிய துறைமுகமொன்றை அமைக்க அரசினர் எண்ணியபோது, அவ்விடம் கடற்பெருக்கால் மூழ்கும் என 1853இல் ஆளுநர் நாயகம் டல்ஹௌசிப் பிரபுவுக்கு அவர் எழுதினார். அவர் கூற்று ஏற்கப்படவில்லை. கானிங் துறைமுகம் கட்டப்பட்டது. 1867இல் வந்த சூறாவளி அதனைச் சிதைத்தது. அறிவு இருந்தும் அது முடிவெடுப்போரை அசைக்காது போனமைக்கு இது தொடக்ககாலச் சான்றாகும்.

1864 அக்டோபரிற் கல்கத்தாவைத் தாக்கிய சூறாவளியில் ஏறத்தாழ 60,000 பேர் இறந்தனர். துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பெருந்தொகையாக அழிந்தன. இதன் விளைவாக அடுத்த ஆண்டிலேயே கல்கத்தாத் துறைமுகத்திற் புயல் எச்சரிக்கை முறை ஏற்படுத்தப்பட்டது. 1875இல் இந்திய வளிமண்டலவியல் திணைக்களம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டே, 1876இல், பாக்கர்கஞ்சுச் சூறாவளி கீழ் வங்காளத்தின் கழிமுகக் கிராமங்களில் இரண்டு இலட்சம் மக்களைக் கொண்டு சென்றது. இலங்கையில் கொழும்பு வானிலை அவதான நிலையம் 1907இல் நிறுவப்பட்டது.

இவ்வமைப்புகள் யாருக்காக எழுந்தன என்பது சிந்திக்கத்தக்கது. துறைமுகக் கம்பத்தில் ஏற்றப்பட்ட எச்சரிக்கைச் சின்னங்களுக்கு ஒன்று முதலாக எண்கள் கொடுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் எட்டு, ஒன்பது, பத்து ஆகியன பேரபாயத்தைக் குறிப்பன. ஆனால் எட்டினும் ஒன்பது கடியது, ஒன்பதினும் பத்துக் கடியது என்பது அவற்றின் பொருளன்று. புயல் துறைமுகத்துக்கு எப்பக்கமாகக் கரை கடக்கும் என்பதையே அவ்வெண்கள் வேறுபடுத்திக் காட்டின. கப்பலை எத்திசையிற் செலுத்துவதெனத் தீர்மானிக்க வேண்டிய மாலுமிக்கு அது மிக வேண்டிய செய்தி. குடிசையில் இருக்கும் உழவனுக்கோ எண்கள் ஏணிப்படிகள் போலவே தோன்றும். எட்டு என்றதும் இன்னும் இரண்டு படி இருக்கிறதென அவன் காத்திருத்தல் இயல்பே. வட கோளத்தில் காற்றுக்கு முதுகுகாட்டி நின்றால் புயலின் மையம் இடப்புறமாக இருக்கும் என்னும் எளிய விதியும் 1857 முதல் பைஸ் பலட் என்னும் ஒல்லாந்த அறிஞரின் பெயரால் வழங்கி வருகின்றது. கப்பல் மாலுமிகள் அதனைப் பாடமாகக் கற்றனர். கரையோரக் கிராமப் பாடசாலையிலோ அது எட்டாத கல்வியாகவே இருந்தது. சுருங்கக்கூறின், எச்சரிக்கை முறை கடலையும் கப்பலையும் நோக்கி வளர்ந்ததேயன்றிக் கரையையும் குடிசையையும் நோக்கி வளரவில்லை.

1964: நீரிணையின் இருகரையும்

1964 டிசம்பர் 22ஆம், 23ஆம் நாள்களில் வீசிய சூறாவளி நமது வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது. அந்தமானுக்குத் தெற்கே உருவான தாழமுக்கம் வலுப்பெற்று, திருகோணமலைப் பகுதியிற் கரையேறி, இலங்கையின் வடபாகத்தைக் குறுக்கறுத்து, மன்னார் வழியாகப் பாக்குநீரிணைப் பகுதியை அடைந்தது. அங்கு கடல் ஆழமற்றது. ஆதலாற் கடற்பெருக்குப் பெரிதாயிற்று. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் புகையிரதம், நிலையத்தை அடையச் சிறிது தூரமே இருந்த நிலையில் அலையால் மூடப்பட்டது. அதிற் சென்ற நூற்றுக்கு மேற்பட்டோரில் எவரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதியற்ற இடமெனப் பின்னர் அறிவிக்கப்பட்டது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே அரை நூற்றாண்டாக நடந்துவந்த கப்பற் சேவை அன்றோடு முடிந்தது. பின்னாளில் அது இராமேசுவரத்திலிருந்தே நடைபெற்றது.

இங்கு கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அப்புயல் நீரிணையை அடையுமுன்னரே இலங்கையின் வடகிழக்குக் கரையைத் தாக்கியிருந்தது. அதாவது ஒரு கரையில் வாழ்ந்த மக்கள் புயலின் வலிமையைத் தம் உடலால் அறிந்த பின்னரும், மறுகரையில் அன்றிரவு புகையிரதம் புறப்பட்டது. நாளாந்தக் கடமை என்பது எத்துணை வலிமை வாய்ந்ததென்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. பேரிடர் நெருங்கும் வேளையில் வழமையை நிறுத்துவதற்கு யாருக்கு அதிகாரம் உண்டு என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்படாவிடின், வழமையே தொடர்ந்து நடைபெறும்.

1970: அறிந்தும் அசையாதது ஏன்?

1970 நவம்பர் 12ஆம் நாளிரவு அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானின் கழிமுகத் தீவுகளைத் தாக்கிய போலாச் சூறாவளியே, பதிவுபெற்ற வரலாற்றில் மிக அதிக உயிர்களைப் பலிகொண்ட சூறாவளியாகும். இறந்தோர் தொகை மூன்று இலட்சத்துக்கும் ஐந்து இலட்சத்துக்கும் இடைப்பட்டதென மதிப்பிடப்படுகின்றது. பௌர்ணமியை ஒட்டிய ஏற்றவேளையிற் கடற்பெருக்கும் சேர்ந்தமையால் முழுத்தீவுகளும் நீரில் மூழ்கின. அது நெல் அறுவடைக் காலம். வேறு மாவட்டங்களிலிருந்து கூலிக்கு வந்த தொழிலாளர் பலரும் அத்தீவுகளிலே தங்கியிருந்தனர். உயிர்பிழைத்தோரைப் பரிசோதித்த மருத்துவர்கள் பலரின் மார்பிலும் கைகளின் உட்புறத்திலும் தொடைகளிலும் ஒரேவகையான உராய்வுப் புண்களைக் கண்டனர். இரவு முழுவதும் மரங்களைக் கட்டிப்பிடித்துக் கிடந்தமையால் உண்டான காயங்கள் அவை. மரத்தைப் பற்றும் வலு அற்ற குழந்தைகளும் முதியோரும் பெண்களுமே இறந்தோருட் பெரும்பகுதியினர்.

இச்சூறாவளிக்குப்பின் நடந்த ஆய்வொன்று தெரிவித்த செய்தி எண்ணுதற்குரியது. தாக்கப்பட்ட பகுதி மக்களில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் புயல் வருவதை முன்னரே அறிந்திருந்தனர். ஆயின் உறுதியான கட்டடங்களில் அடைக்கலம் புகுந்தோர் நூற்றுக்கு ஒருவரளவினரே. எனவே மக்கள் எச்சரிக்கை கிட்டாமையால் மாத்திரம் இறக்கவில்லை. அவ்வெச்சரிக்கையைக் கொண்டு ஏதும் செய்ய இயலாமையாலும் இறந்தனர்.

இதற்கான காரணங்களைத் தொகுத்து நோக்கலாம். முதலாவது, செல்வதற்கு இடமில்லை. தட்டையான தீவில் மேட்டுநிலமும் கல்வீடும் அரியன. இரண்டாவது, ஏழை உழவனின் முழுச்செல்வமும் அவன் மாட்டிலும் அறுத்த நெல்லிலும் அடங்கியிருந்தது. அதனை விட்டுச் செல்வது உயிர் பிழைத்தும் வாழ்விழப்பதற்கு ஒப்பாகும். மூன்றாவது, சில வாரங்களுக்கு முன்னர் அக்டோபரில் வந்த மற்றொரு புயல் பேரெச்சரிக்கையோடு வந்து ஒப்பீட்டளவிற் குறைந்த சேதத்தோடு சென்றிருந்தது. முன்னறிவிப்பின்மீது மக்கள் வைத்த நம்பிக்கை அதனால் தளர்ந்தது. நான்காவது, வானொலியின் குரல் தொலைவிலுள்ள நகரத்தின் குரல். 'எழுந்து வாருங்கள்' என்று கையைப் பிடித்து அழைக்கும் அயலவனின் குரலன்று. மக்கள் அறியாமையால் அசையவில்லை எனச் சிலர் கூறுவது பொருந்தாது. தம் கண்முன் இருந்த சூழ்நிலையை நோக்கி அவர்கள் எடுத்த தீர்மானத்துக்கு அவர்களளவில் நியாயம் இருந்தது. அச்சூழ்நிலையே மாற்றப்படவேண்டியதாயிற்று.

கொடியும் மண்மேடும்

வங்காளதேசம் பிறந்தபின், 1972இல் செஞ்சிலுவைச் சங்கத்தினரால் சூறாவளி ஆயத்தத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அரசாங்கமும் அதனோடு இணைந்தது. இத்திட்டத்தின் அச்சாணி அந்தந்தக் கிராமத்திலேயே வாழும் தொண்டர்களாவர். வானொலிச் செய்தியைக் கேட்டு, கொடியேற்றி, ஒலிபெருக்கியாலும் கைச்சங்காலும் ஊருக்கு அறிவித்து, வீடுவீடாகச் சென்று மக்களைப் புகலிடத்துக்கு அழைத்துச் செல்வது அவர்தம் பணி. அபாயத்தின் அளவுக்கேற்ப ஒரு கொடி, இரு கொடி, மூன்று கொடி என ஏற்றப்பட்டன. எழுத்தறியாதவரும் திசைவேறுபாடு பற்றிய துறைமுக எண்களை அறியாதவரும் கொடிகளை எண்ணி அபாயத்தை உணரலாயினர். கால்நடைகளை ஏற்றி நிறுத்தப் பெரிய மண்மேடுகள் கட்டப்பட்டன. மாட்டுக்கு இடம் கிடைத்தபோது மாட்டுக்காரனும் வீட்டைவிட்டு எழுந்தான். புயலில்லாத காலங்களிற் பயிற்சியும் தெருநாடகமும் பாட்டும் நடத்தி நினைவைப் புதுப்பித்தனர்.

எனினும் இம்முயற்சி எடுத்த எடுப்பிலே வெற்றிபெறவில்லை. 1991 ஏப்ரல் 29ஆம் நாளிரவு சிட்டகாங் கரையைத் தாக்கிய சூறாவளியில் ஏறத்தாழ 1,38,000 பேர் மாண்டனர். எச்சரிக்கை சென்றிருந்தது, ஆனால் அத்துணை மக்களையும் கொள்ளத்தக்க புகலிடங்கள் இல்லை. இறந்தோருள் ஆண்களினும் பெண்கள் மிகுதி. வெளியூர் சென்ற கணவன் திரும்பும்வரை வீட்டைவிட்டுப் போகத் துணியாமை, அந்நிய ஆடவர் நிறைந்த இடத்துக்குச் செல்லக் கூசுதல், புகலிடங்களில் தனியான கழிப்பிட வசதி இன்மை, நீரிற் கால்களைச் சுற்றும் நீண்ட சேலை, கையிலிருந்த குழந்தைகள் என்பன காரணங்களாகக் காட்டப்பட்டன. அதன்பின் கட்டப்பட்ட புகலிடங்களிற் பெண்களுக்குத் தனியறைகள் அமைக்கப்பட்டன. தொண்டருள் பெண்களின் தொகையும் உயர்ந்தது. சாதாரண நாள்களிற் பாடசாலைகளாக அக்கட்டடங்கள் பயன்பட்டமையால் அவை பாழடையாது நின்றன. மக்களுக்கும் அவை பழகிய இடங்களாயின. 2007இல் சிடர்ச் சூறாவளியில் இறந்தோர் தொகை சில ஆயிரங்களாகக் குறைந்தது. 2020 மேயில் அம்பன் சூறாவளி வந்தபோது இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் முன்கூட்டியே புகலிடம் சேர்க்கப்பட்டனர். அந்நாட்டில் இறந்தோர் தொகை சில பத்துக்களுக்குள் அடங்கியது.

ஒரிசாவின் வரலாறும் இதற்கு ஒத்ததே. 1999 அக்டோபர் 29ஆம் நாள் வந்த பெருஞ்சூறாவளியில் ஏறத்தாழப் பதினாயிரம் பேர் இறந்தனர். அதே ஆண்டின் இறுதியில் அம்மாநிலம் அனர்த்தங்களுக்கெனத் தனி நிறுவனமொன்றை அமைத்தது. 2013இல் பைலின் வந்தபோது ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் அகற்றப்பட்டனர். உயிரிழப்புப் பத்துக்களில் நின்றது. கண்டற்காடுகள் அகன்று நின்ற இடங்களின் பின்னாலிருந்த கிராமங்களில் 1999இல் இறந்தோர் குறைவென்பதையும் கேந்திரபாரா மாவட்டத்தில் நடந்த ஆய்வு காட்டியது. காட்டைக் காத்தலும் ஆயத்தத்தின் ஒரு கூறு என்பது இதனாற் புலனாகும்.

இவ்விரு நாடுகளின் அனுபவமும் ஓர் உண்மையை உணர்த்துகின்றது. புயல் நெருங்கிய இறுதி இரு நாள்களில் மக்கள் செய்யும் ஆயத்தத்தின் பெரும்பகுதி, புயலற்ற முந்திய இருபது ஆண்டுகளில் செய்யப்பட்டதாகும்.

மீண்டும் மட்டக்களப்பு

இவ்வறிவோடு 1978க்குத் திரும்புவோம். அவ்வாண்டில் இலங்கையில் தொலைக்காட்சி இல்லை. அது 1979இலேயே வந்தது. அனர்த்த முகாமைத்துவத்துக்கெனச் சட்டமோ, வங்காளதேசத்திற் போன்ற கிராமத் தொண்டரமைப்போ இருக்கவில்லை. கிழக்குக் கடலிற் கொந்தளிப்பு மிக்க வாடைக்காலமாதலால் வள்ளங்கள் பலவும் கரையிலேயே ஏற்றி வைக்கப்பட்டிருக்கும் பருவம் அது. கரையில் ஏற்றியது காப்பென்று கருதப்பட்ட இடத்திலேயே அவை அழிந்தன. கல்லாற் கட்டிய பாடசாலைகளே மக்களின் இயல்பான புகலிடங்கள். ஆனால் ஏறத்தாழ 240 பாடசாலைக் கட்டடங்கள் சேதமுற்றன. அதாவது புகலிடமென நம்பத்தக்கவையும் இத்தகைய காற்றை எண்ணிக் கட்டப்பட்டவை அல்ல. தென்னை வீழ்ந்தால், மறுபடி நட்டுப் பயன்பெறப் பல ஆண்டுகள் செல்லும். ஓரிரவின் இழப்பு ஒரு குடும்பத்தின் பத்தாண்டு வருவாயைத் தின்றது. மரபான ஆயத்தம் எங்கெங்கே போதாதுபோயிற்று என்பதை இவ்விழப்புக்கள் ஒவ்வொன்றும் காட்டுகின்றன.

2000ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் திருகோணமலைப் பகுதியை மற்றொரு சூறாவளி தாக்கியது. சரியாக நான்காண்டுகளின்பின் அதே நாளில் ஆழிப்பேரலை வந்தது. அப்பேரழிவின் பின்னரே 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைக்கப்பட்டது. 2020 டிசம்பர் 2ஆம் நாளிரவு புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரைகடந்தபோது, கிழக்குக் கரையில் எழுபத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் முன்னரே அகற்றப்பட்டிருந்தனர். 1978இல் இல்லாதிருந்த ஒன்று இப்போது உண்டென்பது இதனால் தெளிவாகும். எனினும் 2025 நவம்பர் இறுதியில் டித்வாச் சூறாவளி கொணர்ந்த பெருமழையும் மண்சரிவும் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டன. கரையை நோக்கிச் செய்த ஆயத்தம் மலைநாட்டுக்கும் ஆற்றுப்படுகைகளுக்கும் உரியதாக விரியவில்லை என்னும் வேதனையை அது விட்டுச் சென்றது. ஒவ்வோர் அனர்த்தமும் முந்திய அனர்த்தத்துக்குச் செய்த ஆயத்தத்தின் எல்லைக்கு வெளியே வந்து நிற்பதை நாம் காண்கிறோம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிபு இதுவாகும். எச்சரிக்கை வேறு, ஆயத்தம் வேறு. எச்சரிக்கை மேலிருந்து வருவது. கருவிகளாலும் செய்மதிகளாலும் அது நாளுக்குநாள் திருத்தமுறுகின்றது. ஆயத்தமோ ஊரிலிருந்து எழுவது. எங்கே செல்வது, எவ்வழியாற் செல்வது, நடக்கமாட்டாத பாட்டியை யார் தூக்குவது, மாட்டையும் வலையையும் எங்கே வைப்பது, முதலில் எழுந்து கதவைத் தட்டுபவர் யார் என்பன தீர்மானிக்கப்பட்டிருந்தாலன்றி, எத்துணைத் திருத்தமான எச்சரிக்கையும் செவியோடு நின்றுவிடும்.

வங்காளக் கரைக்குச் சூறாவளி அடிக்கடி வருகின்றது. அங்கே கடலே நினைவூட்டுகின்றது. நமக்கு அது தலைமுறைக்கொருமுறை வருகின்றது. ஆகவே நினைவூட்டும் பொறுப்பு நம்மைச் சார்கின்றது. 1978இன் இரவை வளர்ந்தோராகக் கண்டவர்கள் இன்று முதுமையடைந்துள்ளனர். அவர்களிற் பலர் நம்மிடையே இல்லை. நீர் எந்த வேலிவரை வந்தது, எந்தச் சுவர் நின்றது, காற்று எத்திசையில் மாறியது, எந்த வீட்டில் எத்தனை பேர் ஒதுங்கினர் என்னும் செய்திகள் எந்தத் திணைக்களத்தின் கோவையிலும் முழுமையாக இரா. அவை அம்முதியோரின் நினைவிலே மட்டும் உள்ளன. பல்கலைக்கழக மாணவராகிய நாம் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒரு குறிப்புப் புத்தகத்தோடு அவர்களிடம் சென்று கேட்டெழுதுவோமாயின், கிராமத்துக்கொரு சூறாவளிப் பதிவேடு உருவாகும். அப்பதிவேட்டின் பிரதியொன்று ஊர்ப் பாடசாலையிலும், மற்றொன்று கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் இருத்தல் வேண்டும்.

இது பழமையைப் போற்றுவதற்காகச் செய்யும் வேலையன்று. அடுத்த தாழமுக்கம் கிழக்குக் கடலில் உருவாகி, வானொலியில் அறிவித்தல் ஒலிக்கும் மாலையில், எழுவான்கரையில் ஒரு வீட்டார் எந்தத் திசையில் நடக்கவேண்டும் என்பதை அப்பதிவேடு சொல்லக்கூடும். அந்த வேளைக்குள் நாம் எழுதி முடித்திருக்க வேண்டும்.